‘கப்பல்’ என்ற சொல்லில் எத்தனை ஒலி? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன மாதம் இந்தப் பக்கத்தில், ஆசிரியர் பயிற்சிகளுக்குப் போகும்போது நான் கையோடு எடுத்துப்போகும் ஒரு பக்கத் தாளைப் பற்றிச் சொல்லியிருந்தேன். பிள்ளைக்கு வாசிக்கக் கற்றுத் தருவது பற்றியும், வாசிப்பில் ஒரு பிள்ளை ஏன் திணறுகிறது என்பது பற்றியும் ஆசிரியருக்கு என்ன தெரியும் என்று பார்க்கும் தாள் அது. அதற்கு வந்த கடிதங்களில் பாதி கோபம், மீதி சந்தேகம். கோபத்திலிருந்தே தொடங்குகிறேன்.

◆ எங்கள் பக்கம் நடந்த ஒரு பயிற்சியில் நீங்கள் சொன்ன மாதிரியே ஒரு தாளைக் கொடுத்து எழுதச் சொன்னார்கள். ‘கப்பல் என்ற சொல்லில் எத்தனை ஒலிகள்?’ என்பது முதல் கேள்வி. நான்கு என்று எழுதினேன். தவறு என்றார்கள். மதிப்பெண்ணை எல்லோர் முன்னாலும் வாசித்தார்கள். இருபது வருடத்துக்கு மேல் ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன். என்னிடம் படித்தவர்கள் இன்று என்ஜினீயர்களாக இருக்கிறார்கள். எனக்கு இந்தப் பரீட்சை தேவையா?
– இடைநிலை ஆசிரியை, ஓமலூர்

மதிப்பெண்ணை வாசித்தது அநியாயம். அந்த விஷயத்தில் நான் உங்கள் கட்சி. ஆனால் கேள்வியில் குற்றமில்லை டீச்சர்.

கப்பலில் எழுத்து நான்கு: க, ப், ப, ல். அசை பிரித்தால் கப்-பல், இரண்டு. உயிரையும் மெய்யையும் தனித்தனியாகப் பிரித்தால் க், அ, ப், ப், அ, ல் என்று ஆறு. ‘மெய்யும் உயிரும் சேர்ந்தால் உயிர்மெய்’ என்று பிள்ளைகளைக் கோரஸாகச் சொல்ல வைப்பது நாம்தான். ஆனாலும் ஒரு சொல்லைக் காதால் கேட்டு எண்ணச் சொன்னால் எழுத்து வந்து கண்முன் நின்றுகொள்கிறது, ஒலி பின்னால் போய்விடுகிறது. நன்றாக வாசிக்கத் தெரிந்த எல்லோருக்கும் இப்படித்தான் நடக்கும். அமெரிக்காவில் லூயிசா மோட்ஸ் என்ற ஆய்வாளர், வேலையில் இருந்த ஆசிரியர்களுக்கு இப்படி ஒரு தாளைக் கொடுத்துப் பார்த்து 1994-ல் கட்டுரை எழுதினார். ஆங்கிலத்தில் காளை மாட்டுக்கு ‘ஆக்ஸ்’ என்பார்களே, அதில் எத்தனை ஒலி என்பது அவருடைய கேள்விகளில் ஒன்று. ஆங்கிலத்தில் எழுத்து இரண்டு (ox), ஒலி மூன்று. அனுபவசாலிகள் பலரும் அந்தத் தாளில் தடுமாறினார்கள். அவர் ஆசிரியர்களைத் திட்டவில்லை, அவர்களுக்குப் பயிற்சி கொடுத்த கல்லூரிகளைத்தான் கேள்வி கேட்டார்.

சரி, ஆறு என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது? உங்கள் வகுப்பு நோட்டுகளிலேயே பாருங்கள். கப்பலுக்கு ஒரு பிள்ளை ‘கபல்’ என்று எழுதியிருக்கும். இன்னொன்று ‘கப்பள்’. மூன்றாவது ‘கப்ப்ல்’. மூன்றிலும் சிவப்பு மையில் ஒரே மாதிரி வட்டம் போட்டு, ‘மூன்று தடவை எழுதி வா’ என்கிறோம். முதல் பிள்ளைக்கு நடுவில் இருக்கும் ப் காதில் விழவில்லை. ‘பக்கம், பகம்’, ‘பட்டு, பாட்டு, படு’ என்று வாயால் சொல்லி வித்தியாசம் கேட்க வைக்க வேண்டும், நோட்டே வேண்டாம். இரண்டாவது பிள்ளைக்குக் காது நன்றாகவே இருக்கிறது, எந்த ல என்பதுதான் தெரியவில்லை. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் பழக வேண்டும். ‘மழை’யை ‘மளை’ என்று பேசும் நம் ஊரில் அது பெரிய விஷயமும் இல்லை. மூன்றாவது பிள்ளை விவரம். ஆறு ஒலியையும் கேட்டிருக்கிறது. ஆனால் புள்ளி வைக்காத ப-வுக்குள்ளேயே அகரம் உட்கார்ந்திருக்கிறது என்பது அதற்கு இன்னும் பிடிபடவில்லை. மூன்று பேருக்கும் வெவ்வேறு வைத்தியம். மூன்று தடவை எழுதுவது மூவரில் யாருக்கும் வைத்தியம் இல்லை.

என்ஜினீயர்களைப் பற்றி ஒன்று சொன்னால் கோபிக்காதீர்கள். வகுப்பில் பெரும்பகுதிப் பிள்ளைகள் யார் சொல்லிக் கொடுத்தாலும் எப்படியோ பிடித்துக்கொள்வார்கள். இந்தத் தாள் அவர்களுக்காகப் போட்டதில்லை. நான்காம் வகுப்பு வந்தும் பெயரை மட்டும் எழுதத் தெரிந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறதே, அந்தப் பிள்ளைக்காகப் போட்டது.

◆ ஆசிரியர் தகுதித் தேர்வு முதல் தாளுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் சொல்வது எந்த கைடிலும் இல்லையே மேடம். தகுதித் தேர்வில் தேறினால் போதாதா?
– தேர்வர், ஆத்தூர்

வேலைக்குப் போதும்.

முதல் தாளில் 150 கேள்விகள்: குழந்தை மேம்பாடும் கற்பித்தலும், தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் என்று தலைக்கு 30. தமிழுக்கான 30-க்கு நீங்கள் எதைப் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். எந்த நூல், யார் எழுதியது, பிரித்து எழுதுக, இலக்கணக் குறிப்பு தருக. தமிழ் சொல்லித் தருபவருக்கு இவை தெரிய வேண்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் வினைத்தொகைக்குச் சட்டென்று எடுத்துக்காட்டுச் சொல்லும் ஒருவருக்கு, ‘கொக்கு’ என்பதை ஒரு பிள்ளை ஏன் ‘கெக்கு’ என்று வாசிக்கிறது என்பது தெரியாமலே இருக்கலாம். தேர்வில் மட்டும் முழு மதிப்பெண் வந்துவிடும்.

ஏன் ‘கெக்கு’ தெரியுமா? கொ-வில் குறி எழுத்துக்கு இரண்டு பக்கமும் நிற்கிறது. பிள்ளை இடப்பக்கத்துக் கொம்பை எடுத்துக்கொண்டு வலப்பக்கத்துக் காலை விட்டுவிட்டது. கெ, கே, கை வரிசையில் இன்னொரு சிக்கல். கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு, வாயில் முதலில் வர வேண்டியது க். இடமிருந்து வலமாகப் போ என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, இங்கே மட்டும் தாண்டிப் போய்த் திரும்பி வா என்கிறோம். கௌ இன்னும் மோசம். அதன் வலப்பக்கத் துண்டு அச்சு அசலாக ள. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் பெரியவர்களே கெ-யையும் ள-வையும் பக்கத்தில் பக்கத்தில் தட்டி ‘கெளதம்’ ஆக்கிவிடும்போது, ஆறு வயதுப் பிள்ளை ‘கெ-ள-தா-ரி’ என்று வாசித்தால் அடிப்பதா?

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு, வேலையில் இருக்கும் ஆசிரியர்களும் இரண்டு வருடத்துக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்றாகிவிட்டது. ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்குக் குறைவாக இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு, அவர்களும் பதவி உயர்வு வேண்டுமென்றால் எழுத வேண்டும். ஆசிரியர் அறைகளில் இப்போது மதியச் சாப்பாட்டோடு கைடும் திறந்திருக்கிறது. அந்த உழைப்பைப் பார்க்கும்போது எனக்கு ஓர் ஆசை வரும். அந்த 30-ல் ஒரு பத்துக் கேள்வி இப்படி இருந்தால்?

ஒன்றாம் வகுப்புப் பையன் பாடத்தைத் தப்பில்லாமல் வாசிக்கிறான், விரல் மட்டும் வேறு வரியில் இருக்கிறது. அடுத்து என்ன செய்வீர்கள்? (பக்கத்தை மூடிவிட்டு, அதே சொற்களைக் கடைசியிலிருந்து பின்னோக்கித் தனித்தனியாகக் காட்ட வேண்டும். அவன் பாட்டாகப் பாடுகிறானா, வாசிக்கிறானா என்று உடனே தெரிந்துவிடும்.) ‘பம்பரம்’ என்பதில் வரும் இரண்டு ப-வும் ஒரே ஒலியா? (இல்லை. ம்-க்குப் பின்னால் வருவது மெலிந்து ஒலிக்கிறது. எழுத்து ஒன்று, ஒலி இரண்டு என்று ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும், பிள்ளையிடம் விளக்க வேண்டியதில்லை.) ஐந்தாம் வகுப்புப் பெண் தப்பே இல்லாமல் வாசிக்கிறாள், ஆனால் ஒரு பத்திக்கு மற்றவர்களைப் போல மூன்று மடங்கு நேரம் ஆகிறது. இதில் கவலைப்பட ஏதாவது இருக்கிறதா? (இருக்கிறது. ஜெர்மன் போல எழுத்தும் ஒலியும் பெரும்பாலும் ஒத்துப்போகும் மொழிகளில் வாசிப்புக் குறைபாடு பிழையாக வெளியே தெரிவதைவிட வேகக் குறைவாகத்தான் தெரியும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தமிழும் அந்தப் பக்கம்தான். பிழையை மட்டும் எண்ணும் ஆசிரியர் இந்தப் பெண்ணைத் தவற விட்டுவிடுவார்.)

கைடு போடுகிறவர்கள் இதை எடுத்துக்கொள்ளலாம், எனக்குக் காசு வேண்டாம்.

◆ எங்கள் வீட்டில் வெள்ளிப் பட்டறை. இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகன் ஆங்கிலத்தில் பி (b) எழுதச் சொன்னால் டி (d) எழுதுகிறான். வகுப்பு ஆசிரியர் ‘டிஸ்லெக்ஸியாவாக இருக்கும்’ என்றார். ஒரு மையத்தில் காட்டினோம். கலர் கண்ணாடி போட்டு, கண்ணுக்குப் பயிற்சியும் கொடுத்தால் சரியாகும் என்று பெரிய தொகை கேட்கிறார்கள். கொலுசு ஆர்டர் மந்தமாக இருக்கிற நேரம். பணம் புரட்டலாமா?
– பெயர் வேண்டாம், செவ்வாய்ப்பேட்டை

புரட்டாதீர்கள் அம்மா.

கண் பரிசோதனை ஒரு தடவை செய்துவிடுங்கள், எல்லாப் பிள்ளைக்கும் செய்ய வேண்டியதுதான். கலர் கண்ணாடியும் கண் பயிற்சியும் டிஸ்லெக்ஸியா என்கிற வாசிப்புக் குறைபாட்டைத் தீர்க்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம், கண் மருத்துவர் அமைப்புகளோடு சேர்ந்து 2009-லேயே அறிக்கை விட்டிருக்கிறது. இந்தக் குறைபாட்டின் வேர் கண்ணில் இல்லை. பேச்சு ஒலிகளைப் பிரித்துப் பார்ப்பதிலும், அவற்றை எழுத்தோடு சட்டென்று இணைப்பதிலும்தான் பெரும்பாலும் இருக்கிறது.

எழுத்தைத் திருப்பிப் போடுவது ஆறு ஏழு வயது வரை சகஜம். அந்த வயது வரைக்கும் பிள்ளை பார்த்த உலகத்தில் ஆட்டுக்குட்டி இந்தப் பக்கம் பார்த்து நின்றாலும் அந்தப் பக்கம் பார்த்து நின்றாலும் ஆட்டுக்குட்டிதான். பக்கம் மாறினால் பெயரும் மாறும் என்பதை முதன்முதலில் எழுத்தில்தான் பார்க்கிறது. மூளை அதற்குப் பழக நேரம் எடுக்கும். ‘எழுத்து தலைகீழாகத் தெரிவதுதான் டிஸ்லெக்ஸியா’ என்று நம்பும் ஆசிரியர்கள் உலகம் பூராவும் இருக்கிறார்கள். 2011-ல் வாஷ்பர்ன், ஜோஷி, பிங்க்ஸ்-கான்ட்ரெல் மூவரும் ஆசிரியர்களிடம் கேட்டுப் பார்த்தபோதும் பெரும்பாலோர் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். என் தாளிலும் இது ஒரு கேள்வி. தவறாமல் தவறாகப் பதில் வரும் கேள்வி என்றும் சொல்லலாம்.

வீட்டில் நீங்களே இரண்டு விஷயம் பாருங்கள். அர்த்தமே இல்லாத சொற்களாக ஏழெட்டு எழுதுங்கள்: மிடுகா, தேலம்பு, கொசாரி, பைணுரு இந்த மாதிரி. அவனை வாசிக்கச் சொல்லுங்கள். மனப்பாடம் இங்கே கைகொடுக்காது. அப்புறம் எழுத்தே இல்லாமல், ‘மரம் என்று சொல்லு, அதில் முதல் ம-வை விட்டுவிட்டுச் சொல்லு’, ‘பல், பால், பள்ளம், இதில் நீட்டிச் சொல்வது எது?’ என்று விளையாட்டாகக் கேளுங்கள். இரண்டையும் செய்துவிட்டான் என்றால், பி-யும் டி-யும் தானாக வழிக்கு வரும். இரண்டிலும் திணறினால் சிறப்புப் பயிற்றுநரிடம் காட்டுங்கள். அதற்கு எங்கே போவது என்பதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

◆ நாங்கள் எல்லாம் மணலில் எழுதி, பிரம்படி வாங்கிப் படித்தோம். எல்லோருக்கும் வாசிக்க வந்தது. அப்போது இல்லாத வியாதி இப்போது எங்கிருந்து வந்தது?
– ஓய்வுபெற்ற கூட்டுறவு ஊழியர், குகை, சேலம்

எல்லோருக்கும் வரவில்லை ஐயா. வராதவர்கள் மூன்றாம் வகுப்போடு நின்று தறிக்குப் போய்விட்டார்கள். உங்கள் தெருவிலேயே விசாரியுங்கள், நல்ல கைவேலைக்காரர்கள் சிலர் கையெழுத்து மட்டும் போடுவார்கள். 1896-ல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கில மருத்துவர் 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். கணக்குப் போடுவான், கெட்டிக்காரன், வாசிக்க மட்டும் வரவில்லை. பாடம் முழுவதும் வாய்மொழியாக இருந்தால் பள்ளியிலேயே இவன்தான் சூட்டிகையான பையன் என்று அவனுடைய வாத்தியார் சொன்னதை மருத்துவர் குறித்து வைத்திருக்கிறார். ஒரு வாத்தியார் பிள்ளையைச் சரியாகப் பார்த்ததற்கு அத்தாட்சி அது. அப்போதும் அவனிடம் பிரம்பைக் காட்டியவர்கள் இருந்திருப்பார்கள்.

இன்னொன்று. 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன்னால் நீங்கள் லை, ளை, ணை, னை எல்லாவற்றுக்கும் தும்பிக்கை போட்டு எழுதியவர். பேரன் எழுத்தைக் குறை சொல்லும்போது அதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

◆ ஏற்காடு மலைமேல் உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஐந்தாம் வகுப்பில் பாதிப் பேர் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறார்கள். ‘வந்தது’ என்று இருந்தால் ‘வந்துச்சு’ என்று வாசிக்கிறார்கள். பார்வையிட வந்தவர்கள் ‘மெல்லக் கற்போர்’ பட்டியல் கேட்டிருக்கிறார்கள். பாதி வகுப்பையும் எழுதிக் கொடுத்துவிடவா?
– ஆசிரியர், ஏற்காடு வட்டாரம்

கொடுக்காதீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவையும் தாண்டி வந்தவர்கள், பட்டியல் கேட்ட நேரத்தில் ஒரு பிள்ளையோடு பத்து நிமிடம் உட்கார்ந்திருக்கலாம்.

முதலில் அந்த ‘வந்துச்சு’. அதைக் கேட்டு நான் சந்தோஷப்படுவேன். வ-ந்-த-து என்று ஒவ்வோர் எழுத்தாக உருட்டும் பிள்ளைக்கு ‘வந்துச்சு’ வராது. அதற்கு அர்த்தம் புரிந்து, தன் வாயில் இருக்கும் தமிழில் சொல்லியிருக்கிறது. அதே பிள்ளை ‘வந்தது’ என்பதை ‘வண்டி’ என்று வாசித்தால் அது வேறு. முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகிக்கிறது. இரண்டையும் ‘பிழை’ என்ற ஒரே கட்டத்தில் போட்டால் உங்களுக்கு எதுவும் தெரியாமல் போய்விடும். வாசிக்கும்போது பக்கத்தில் ஒரு தாளை வைத்துக்கொண்டு, எதை எதுவாக வாசித்தார்கள் என்று அப்படியே எழுதி வாருங்கள். ஒரு வாரம் போதும், வகுப்பு உங்களுக்கு வேறு மாதிரித் தெரியும்.

அடுத்தது, இரண்டு திறமையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 1986-ல் காஃப், டன்மர் என்ற இருவர் ஓர் எளிய கணக்குச் சொன்னார்கள். எழுத்தை ஒலியாக்கும் திறமையையும், கேட்டால் புரியும் திறமையையும் பெருக்கினால் வருவதுதான் வாசிப்பு. கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம். நீங்கள் ஒரு சின்னக் கதையை வாசித்துக் காட்டிக் கேள்வி கேளுங்கள். அதே அளவு கதையைப் பிள்ளை வாசித்த பிறகு கேள்வி கேளுங்கள். முதலில் சரியாகச் சொல்லி இரண்டாவதில் விழிக்கும் பிள்ளைக்கு எழுத்தில்தான் வேலை. இரண்டிலும் விழித்தால் சொல்வளத்திலிருந்து தொடங்க வேண்டும். புத்தகத் தமிழில் வரும் ‘அகழி’யையும் ‘கலங்கரை விளக்க’த்தையும் அந்தப் பிள்ளை எங்கே பார்த்திருக்கும்? மிளகுக் கொடி, சில்வர் ஓக், காப்பிப் பழம் உலர்த்தும் களம் என்று அது பார்த்ததை வைத்து நீங்கள் நான்கு வரி எழுதிக் கொடுத்தால், அதே பிள்ளை எப்படி வாசிக்கிறது என்று பாருங்கள். வித்தியாசம் இருந்தால், சிக்கல் எழுத்தில் இல்லை.

மூன்றாவதாக வருகைப் பதிவேடு. காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் யார் யார் எத்தனை வாரம் வரவில்லை, கீழ் வகுப்புகளில் எத்தனை மாதம் ஆசிரியர் இல்லாமல் இருந்தது என்று பாருங்கள். பாதி வகுப்பே பின்தங்கியிருந்தால் அது பாடம் போய்ச் சேராத கதை, பிள்ளைகளின் மூளையைப் பற்றிய கதை ஆகாது. இன்னொரு விஷயம், நம் மாதிரி எழுத்துமுறைக்கு நேரம் அதிகம் பிடிக்கும். கன்னடம் படிக்கும் பிள்ளைகளை ஆராய்ந்து சொனாலி நாக் 2007-ல் எழுதினார். ஆங்கில எழுத்து 26-ஐப் போல ஒரே வருடத்தில் இது முடிவதில்லை, பல பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்பு வரை எழுத்துக் கற்றல் நீள்கிறது. கன்னடத்தில் கூட்டெழுத்துத் தொல்லை உண்டு. நமக்குப் புள்ளி இருப்பதால் சுமை குறைவு, ஆனாலும் 247 இருக்கிறதே. ஒன்றாம் வகுப்போடு எழுத்து முடிந்துவிட்டது என்று நாம் பதிவேட்டில் எழுதிக்கொள்வது நம் வசதிக்குத்தான்.

ஐந்தாம் வகுப்பானாலும் வெட்கப்படாமல் தினமும் அரை மணி நேரம் எழுத்தையும் ஒலியையும் வரிசையாக மறுபடி எடுங்கள். சில மாதங்களில் பெரும்பாலோர் நகர்ந்துவிடுவார்கள். அப்போதும் இரண்டு மூன்று பேர் இருந்த இடத்திலேயே இருப்பார்கள். பட்டியலில் எழுத வேண்டியது அவர்கள் பெயரைத்தான்.

◆ எங்கள் பள்ளி ஆசிரியர்களுக்கு நானே இந்தச் சோதனையை வைக்கலாம் என்று இருக்கிறேன். எப்படி நடத்துவது? ‘எண்ணும் எழுத்தும்’ மதிப்பீடே நிறைய இருக்கிறதே, இது வேறு எதற்கு என்று ஆசிரியர்கள் கேட்பார்கள்.
– தலைமை ஆசிரியர், மேட்டூர்

நல்ல கேள்விதான் கேட்பார்கள். 2022-ல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளையை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறது. பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று அதில் தெரியும். ஏன் அந்தப் படியிலேயே நிற்கிறது என்பதைக் கண்டுபிடிக்க ஆசிரியருக்கு இந்த அறிவு வேண்டும். ஒரே பிள்ளை இரண்டு வருடமாக அரும்பிலேயே இருந்தால், அடுத்த மதிப்பீடும் அதே அரும்பைத்தான் காட்டும்.

நடத்தும் விதம்: தாளில் பெயர் எழுத வேண்டாம். நீங்களும் உட்கார்ந்து எழுதுங்கள், இது முக்கியம். ஒவ்வொரு பதிலுக்குப் பக்கத்திலும் ‘உறுதியாகத் தெரியும்’ அல்லது ‘ஊகம்’ என்று குறிக்கச் சொல்லுங்கள். 2004-ல் ஆன் கன்னிங்ஹாமும் அவரோடு இருந்தவர்களும் மூன்றாம் வகுப்பு வரை எடுக்கும் ஆசிரியர்களிடம் ஆய்வு செய்தபோது, தங்களுக்குத் தெரியும் என்று அவர்கள் நினைத்ததற்கும் உண்மையில் தெரிந்ததற்கும் நிறைய இடைவெளி இருந்தது. தப்பான பதிலைவிட, ‘உறுதி’ என்று குறித்த தப்பான பதில்தான் கவனிக்க வேண்டியது. தெரியாது என்று தெரிந்தவர் பயிற்சியில் காது கொடுப்பார். தெரியும் என்று நினைப்பவர் ஜன்னல் வழியாக மேட்டூர் காற்று வாங்குவார்.

தாள் ஒரு பாதிதான். மறுபாதிக்கு ஆளுக்கு ஒரு பிள்ளையின் நோட்டை எடுத்துவரச் சொல்லுங்கள், பெயரை மறைத்துவிட்டு. ‘இந்தப் பிள்ளைக்கு எது தெரிகிறது, எது தெரியவில்லை, நாளைக்கு என்ன செய்யலாம்’ என்று எல்லோரும் பேசுங்கள். தாளில் சுமாராகச் செய்த ஒருவர் நோட்டைப் பார்த்ததும் பிரமாதமாகப் பேசுவதை நான் பார்த்திருக்கிறேன். அவருக்கு விஷயம் தெரியும், கலைச்சொல் தெரியாது. அதற்கு நேர்மாறானவர்களும் உண்டு. அவர்கள்தான் பெரும்பாலும் பயிற்சி நடத்தும் கருத்தாளர்களாகப் போய்விடுகிறார்கள்.

தாள்களைக் கோப்பில் போடாதீர்கள். மேலே அனுப்பாதீர்கள். யாராவது கேட்டால் தொலைந்துவிட்டது என்று சொல்லுங்கள், பாவம் என் கணக்கில் இருக்கட்டும். மதிப்பெண் ஊதிய உயர்வோடோ குறிப்பாணையோடோ ஒட்டிக்கொண்ட அந்த நிமிடமே ஆசிரியர்கள் விடையை மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடுவார்கள். கப்பலுக்கு ஆறு என்பார்கள், படகுக்கு எத்தனை என்று கேட்டால் முழிப்பார்கள்.

தனக்கு வாசிப்பில் ஈடுபாடு இல்லாத ஆசிரியரால் பிள்ளைக்கு அதைக் கொடுக்க முடியாது என்பதை ஆய்வாளர்கள் ‘பீட்டர் விளைவு’ என்கிறார்கள், பைபிளில் பேதுரு ‘வெள்ளியும் பொன்னும் என்னிடத்தில் இல்லை’ என்று சொன்னதை வைத்து. மொழி அறிவுக்கும் இது பொருந்துமா என்று பின்னால் வந்தவர்கள் சோதித்துப் பார்த்தார்கள். பயிற்சி கொடுப்பவர்களுக்குத் தெரியாதது அவர்களிடம் படிக்கும் ஆசிரியர்களுக்கும் தெரியவில்லை, பயிற்சி கொடுப்பவர்களுக்கு முதலில் கற்றுக் கொடுத்தால் நிலைமை மாறுகிறது. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். அதனால் இந்தத் தாளை முதலில் எழுத வேண்டியவர்கள் என் மாதிரிப் பயிற்சி நிறுவனத்துக்காரர்கள். ஆசிரியர்கள் எங்களுக்குப் பிறகு எழுதட்டும்.

◆ யு.கே.ஜி. படிக்கும் மகளுக்கு ஆங்கிலத்தில் மட்டைக்கான ‘பேட்’டும், தட்டிக்கொடுப்பதற்கான ‘பேட்’டும் ஒன்றாகக் குழம்புகின்றன. வீட்டில் தமிழ் பேசுவதால்தான் இப்படி, நிறுத்துங்கள் என்கிறார் அவளுடைய மிஸ்.
– ஒரு தந்தை, ஃபேர்லேண்ட்ஸ்

உங்கள் கடிதத்திலேயே இரண்டையும் ஒரே மாதிரித்தானே எழுதியிருக்கிறீர்கள்! தமிழில் இரண்டுக்கும் ஒரே ப. பிள்ளையின் காது அந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் வளர்ந்திருக்கிறது, குறைபாடு இல்லை. தொண்டையில் கை வைத்து இரண்டையும் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள், எதில் தொடக்கத்திலேயே அதிர்கிறது என்று அவளே சொல்வாள். தமிழை நிறுத்த வேண்டாம். சாயங்காலம் தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்து, இன்று என்ன நடந்தது என்று தமிழிலேயே நிறையப் பேச விடுங்கள். கேட்டுப் புரியும் திறமை அப்படித்தான் வளரும், அது ஆங்கில வாசிப்புக்கும் உதவும்.

◆ மூன்றாம் வகுப்பில் மகள். ‘அமைதியான பொண்ணு, ஒரு பிரச்சினையும் இல்லை’ என்கிறார் டீச்சர். நடத்திய பாடத்தை மடமடவென்று சொல்கிறாள். நடத்தாத பக்கத்தைக் காட்டினால் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுகிறாள். அவள் அப்பாவுக்கும் சின்ன வயதில் வாசிக்க வரவில்லையாம், பத்தாவதோடு நிறுத்திவிட்டார். டீச்சர் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது? எங்கே காட்டுவது?
– ஓர் அம்மா, தாரமங்கலம்

நீங்கள் கவனித்திருப்பது அவ்வளவும் சரி. தண்ணீர் குடிக்கப் போவது உட்பட.

இந்தக் குறைபாடு குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது. அப்பாவின் கதையை டீச்சரிடம் கட்டாயம் சொல்லுங்கள், அவர் வெட்கப்பட ஒன்றுமில்லை. டீச்சர் கண்ணில் படாமல் போனதற்குப் பெண் பிள்ளை என்பதும் ஒரு காரணம். 1990-ல் சாலி ஷேவிட்ஸ் குழுவினர் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பார்த்தபோது, பள்ளிகள் அடையாளம் காட்டியவர்களில் ஆண் பிள்ளைகள் பல மடங்கு அதிகம். ஆய்வாளர்கள் எல்லாப் பிள்ளைகளையும் தாங்களே சோதித்தபோது ஆணும் பெண்ணும் கிட்டத்தட்டச் சமமாக இருந்தார்கள். வகுப்பில் ரகளை செய்யும் பையன் கண்ணில் படுகிறான். கைகட்டி உட்கார்ந்திருக்கும் பெண் படுவதில்லை.

டீச்சரிடம் ‘உங்களுக்குத் தெரியவில்லை’ என்று தொடங்காதீர்கள். ‘மிஸ், இவள் இன்னும் நடத்தாத பாடத்தில் நான்கு வரி வாசிப்பதை ஒரு தடவை கேட்கிறீர்களா?’ என்று மட்டும் கேளுங்கள். நல்ல ஆசிரியருக்கு அந்த நான்கு வரி போதும். அவர் கேட்க மறுத்தால் தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள்.

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கும் 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று, வாசிப்புக் குறைபாடு அதில்தான் அடங்கும். மத்திய அரசு வழிகாட்டுதல்படி மூன்றாம் வகுப்பில் அல்லது எட்டு வயதில் பள்ளியிலேயே முதற்கட்டச் சோதனை நடக்க வேண்டும். சான்றிதழ் எட்டு வயதுக்கு மேல்தான். 14-லும் 18-லும் மறுபடி பார்ப்பார்கள். பின்னால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் போன்ற சலுகைகளுக்கு அந்தச் சான்றிதழ் தேவைப்படும். ஆனால் வாசிக்கக் கற்றுத் தருவதற்குச் சான்றிதழ் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

உங்கள் ஒன்றியத்தின் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருப்பார்கள், பள்ளிகளுக்கு முறை வைத்து வருவார்கள். உங்கள் பள்ளிக்கு எந்தக் கிழமை என்று கேட்டு, அன்றைக்கு மகளின் இந்த வருட, போன வருட நோட்டுகள் இரண்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். புது நோட்டாக வாங்கி அழகாக எழுத வைத்துக் கொண்டுபோக வேண்டாம், அடித்தல் திருத்தல் உள்ள பழைய நோட்டுதான் அவர்களுக்குப் பயன்படும். கொடுக்கும் மனுவில் ஒரு நகலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.